ஒரிஜினல் கன்ட்ரி

இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பயப்பட வேண்டாம். குற்றவாளியாக இல்லை... சாட்சியாக. அதுவும் நாட்டுச் சாராய விவகாரத்தில்.

புதன்கிழமைதானா என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டும். இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒருமுறை கிழமையைத் தப்பாக எழுதிவிட்டு உங்களிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கூட வந்த கரீம் பாய் “அது செவ்வாய் சார்” என்று சாதிக்கிறார். ஆனால் அன்று அவர் கடையை அவசரமாகப் பூட்டிவிட்டு வந்தார். செவ்வாயன்று அவர் கடையைத் திறப்பதே இல்லை. திறக்காத கடையை எப்படிப் பூட்ட முடியும்? ஆகவே புதன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

திருவேற்காட்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தேவராஜ் இருக்கிறார். ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு திருகாணி அரைச் சுற்று குறைவாக முடுக்கப்பட்டிருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்புகிற ஆள். வீட்டு வரியை வசூல் தொடங்கும் முதல் நாளே கட்டுவார். ஆள் நடமாட்டமே இல்லாத சாலையிலும் ஜீப்ரா கோடு இருக்கிற இடம் வரை நடந்துபோய்த்தான் கடப்பார்.

இவர்தான் ‘ஆவடி அவுட்லாஸ்’ இசைக்குழுவின் தலைவர். லீட் சிங்கர், கிடார்.

அவுட்லா என்றால்? சட்டத்துக்கு அடங்காதவன்.

கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அமெரிக்காவில் கன்ட்ரி மியூசிக் என்று ஒரு வகை. பண்ணை, குதிரை, லாரி, பிரிந்துபோன மனைவி, திரும்பி வராத நாய் — இவற்றைப் பற்றி மூக்கால் பாடுவது. எழுபதுகளில் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் இந்தப் பாடகர்களுக்கெல்லாம் தலைவாரி, கோட்டு மாட்டி, பின்னால் நாலு வயலினை உட்காரவைத்து, “நாங்கள் சொல்கிற மாதிரிப் பாடு” என்றார்கள். சிலர் மாட்டேன் என்றார்கள். தாடி வளர்த்தார்கள். தங்கள் இஷ்டத்துக்குத் தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு பாடினார்கள். குடி, ஜெயில், நெடுஞ்சாலை, போலீஸ் துரத்தல்... இதற்குத்தான் ‘அவுட்லா கன்ட்ரி’ என்று பெயர்.

அது எப்படி ஆவடிக்கு வந்தது?

மின்சார ரயிலில் வந்தது. உண்மையாகவே. தேவராஜ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரயிலில் யாரோ ஒரு காசெட்டை சீட்டில் விட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். தேவராஜ் அதை ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்தார். யாராவது கேட்டு வந்தார்களா என்று தினமும் விசாரித்தார். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே வெறுத்துப்போய், “யப்பா, நீயே எடுத்துட்டுப் போ. உன் தொல்லை தாங்கல” என்று கொடுத்தார். அப்போதும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

உலகத்திலேயே முறைப்படி கையெழுத்திட்டு அவுட்லா ஆனவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

குழுவில் இன்னும் இரண்டு பேர். கரீம் பாய் — பூந்தமல்லியில் ஆட்டோ, வேன்களுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். அமெரிக்கர்கள் பாஞ்சோ என்கிற கருவியை வாசிக்கும் இடத்தில் இவர் புல்புல்தாரா வாசிக்கிறார். டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அமுக்கி வாசிப்பார்களே, அதுதான். “ரெண்டுமே டிங்கு டிங்குன்னுதானே சார் சொல்லுது” என்பது அவருடைய இசைக் கோட்பாடு. கேட்டுப் பார்த்தேன். தப்புச் சொல்ல முடியவில்லை.

இன்னொருவர் பாபு. திருவேற்காடு – பூந்தமல்லி ஷேர் வேன் ஓட்டுநர். டிரம்ஸ். நெடுஞ்சாலையின் தனிமை பற்றி தேவராஜ் உருகி உருகிப் பாடும்போதெல்லாம், “சென்னீர்குப்பம் சிக்னல்ல காலீல மாட்டிப் பாரு அண்ணாத்தே, அத்தவிட தனிமை இன்னா கீது” என்பார்.

குழு எந்த வருஷம் தொடங்கியது என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று வருஷம் கிடைத்தது. இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை காலமும் அவர்கள் ஒத்திகை பார்த்தது தேவராஜ் வீட்டின் முன்னறையில். அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. தேவராஜின் மகள் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறாள். தேவராஜின் மனைவி ஸ்டெல்லா, முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். அவர் எதையும் இரண்டு முறை சொல்லிப் பழக்கமில்லை.

“பாப்பா பொறக்கறதுக்குள்ள அந்த ஆம்ப்ளிஃபயர், டிரம்மு, அந்த டைப்ரைட்டரு எல்லாம் வெளிய போவணும். எங்க வேணா போவட்டும்.”

எங்கே போகும்? மூன்று பேரும் அலைந்தார்கள். கரீம் பாய் கடையில் ஒரு ஆள் நிற்கவே இடமில்லை. பாபு குடியிருப்பது ஒண்டுக்குடித்தனம். டிரம்ஸை இறக்கினால் பாபு வெளியே படுக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிப் பரணில் ஏற்ற வேண்டியதுதான். பரணில் ஏறிய இசைக்கருவி எந்த வீட்டில் திரும்பி இறங்கியிருக்கிறது, சொல்லுங்கள்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. சங்கச் செயலாளர் கோமதி மேடம், வங்கியில் மேலாளராக இருந்தவர். கடன் விண்ணப்பத்தைப் பார்க்கிற கண்ணோடுதான் இன்றைக்கும் மனிதர்களைப் பார்ப்பார்.

“சங்க ஆண்டு விழால வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும். சரின்னு பட்டா ரூமைத் தர்றோம். மைக் பர்மிஷன் மட்டும் நீங்களே போலீஸ்ல வாங்கிட்டு வந்துடுங்க.”

அவுட்லாக்கள் அனுமதி வாங்க போலீஸ் நிலையம் போகிறார்கள். இதைப் பார்க்காமல் விடுவேனா? நானும் தொற்றிக்கொண்டேன்.

மனுவை தேவராஜே எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. பொருள் என்கிற இடத்தில், ‘ஆவடி அவுட்லாஸ் குழுவினர் பொதுமக்களுக்கு ஒரிஜினல் கன்ட்ரி வழங்குவது தொடர்பாக.’

தவறு எங்கே என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அமெரிக்காவில் கன்ட்ரி என்றால் பாட்டு. அகராதியில் கன்ட்ரி என்றால் நாடு. ஆனால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள் — கன்ட்ரி என்றால் என்ன?

சாராயம்.

ஏட்டு மனுவைப் படித்தார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் படித்தார்.

“இன்னா சார் இது... கன்ட்ரியா?”

“ஆமா சார். ஒரிஜினல்” என்றார் தேவராஜ். அந்தப் பெருமையைப் பார்க்க வேண்டுமே.

“யாரு பண்றது?”

“நாங்க மூணு பேருதான் சார். ரொம்ப வருஷமா பண்றோம்.”

ஏட்டு பேனாவை மூடிவைத்தார்.

“எங்க வச்சிப் பண்றீங்க?”

“இதுவரைக்கும் எங்க வீட்டு முன்ரூம்ல. இப்ப பொண்ணு பிரசவத்துக்கு வருது. அதான் இடம் மாத்தணும்.”

“வீட்டம்மாவுக்குத் தெரியுமா?”

“ஆரம்பத்துல சண்டை போட்டாங்க சார். இப்பல்லாம் டீயைக் குடுத்துட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க.”

“அக்கம்பக்கத்துல யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?”

“ஜன்னலை ஃபோம் வச்சி அடச்சிட்டோம் சார். வெளிய ஒண்ணுமே தெரியாது.”

“ஃபோமு நம்ம கடைது” என்றார் கரீம் பாய், தன் பங்கு விட்டுப்போய்விடக் கூடாது என்று.

ஏட்டு அவரை வருத்தத்தோடு பார்த்தார். “பாய்... நீங்களுமா இதுல?”

“நா இல்லாம எப்டி சார்? நாந்தான் மெயினே.”

ஏட்டு மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “ஆண்டு விழான்னு போட்டிருக்கு. பொம்பளைங்க, கொழந்தைங்கல்லாம் வருவாங்களே?”

“அவங்களுக்கும் போய்ச் சேரணும்னுதான் சார் எங்க ஆசை.”

“காசு?”

“இலவசம் சார்.”

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டிருக்க வேண்டும். குறுக்கிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாபு முந்திக்கொண்டார்.

“ஏட்டய்யா, நீ ரொம்ப யோசிக்காத. அண்ணாத்தகிட்ட செம சரக்கு கீது. ஒரு தபா டேஸ்ட் பண்ணிட்டீன்னா நீயே எங்கள உடமாட்ட.”

ஏட்டு எழுந்தார். “விடமாட்டேன்தான்” என்றார். உள்ளே பார்த்து, “மேடம், கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டார்.

சப் இன்ஸ்பெக்டர் இளம்பெண். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவரிடம் நான் பொறுமையாக விளக்கினேன். எழுபதுகள், ரெக்கார்டு கம்பெனிகள், கோட்டு, வயலின், தாடி... ஒன்றையும் விடவில்லை. “அவுட்லான்னா என்ன சார்?” என்று கேட்டார். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் நான் சரியாகத்தானே சொல்ல வேண்டும்? “சட்டத்துக்கு அடங்காதவங்க மேடம்” என்றேன்.

தேவராஜ் என் காலை மிதித்தார்.

“நீங்க யாரு?”

“எழுதறவன் மேடம்.”

“என்ன எழுதுவீங்க?”

“நடந்ததை நடந்தபடி. தேதியோட.”

“நல்லதா போச்சு. அப்ப நீங்க சாட்சி. அந்த பெஞ்சுல உக்காருங்க.”

இப்படித்தான் நான் சாட்சியானேன்.

பாபு வேனுக்கு ஓடி கிடாரையும் புல்புல்தாராவையும் எடுத்துக்கொண்டு வந்திருக்காவிட்டால் அன்று கதை வேறு மாதிரிப் போயிருக்கும். கருவிகளைப் பார்த்ததும் ஏட்டுக்கு முகம் மாறியது. முதலில் குழப்பம், பிறகு சிரிப்பு, பிறகு தான் சிரித்ததை மேடம் பார்த்துவிட்டாரோ என்கிற பயம்.

“அப்ப நெஜமாவே பாட்டுதானா?” என்றார் எஸ்.ஐ. “எங்க, ஒண்ணு பாடுங்க. பாத்துட்டுத் தர்றேன்.”

இங்கிலீஷில் பாடினார்கள். காலித் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப்போட்டு பாபு தாளம் போட்டார் — “தட்டலாமா மேடம்” என்று கேட்டுவிட்டு. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் முழுவதும் திரும்பி உட்கார்ந்து கேட்டது. தேவராஜுக்குக் கனமான குரல். சரளை ரோட்டில் லாரி மெதுவாகப் போகிற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். மூடியிருந்தாலும் பயம் தெரிந்தது.

முடிந்ததும் எஸ்.ஐ. கேட்டார். “இதுக்கு என்ன அர்த்தம்?”

“அது வந்து மேடம்... ஒரு லாரி டிரைவர். செக்போஸ்ட்டை உடைச்சிட்டுப் போயிடறான்.”

“ம்.”

“போலீஸ் துரத்துது.”

“அப்புறம்?”

தேவராஜ் ஒருமுறை லாக்கப் பக்கம் பார்த்தார். “அப்புறம்... மனசு மாறி, அவனே ஸ்டேஷனுக்கு வந்து சரண்டர் ஆயிடறான் மேடம்.”

நான் அந்தப் பாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் அவன் கடைசி வரை பிடிபடுவதே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் சாட்சியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அனுமதி கிடைத்தது. பிளஸ் டூ பரீட்சை நேரம் என்பதால் சாயங்காலம் எட்டு மணி வரைதான் மைக். ‘ஒரிஜினல் கன்ட்ரி’யை அடித்துவிட்டு ‘மேற்கத்திய மெல்லிசை’ என்று எழுதவைத்தார் எஸ்.ஐ. கிளம்பும்போது பாபுவைத் தனியாகக் கூப்பிட்டு, “சரக்கு கிரக்குன்னு மேடையில ஏதாவது பேசினே...” என்றார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா.

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது. நம் விழாக்கள் எப்போது சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருக்கின்றன? குத்துவிளக்கு ஏற்றத் தீப்பெட்டி தேடினோம். சிறப்பு விருந்தினர் மழைநீர் சேமிப்பு பற்றிப் பேசினார், பேசினார், மழையே வந்து போயிருக்கும் அளவுக்குப் பேசினார். லெமன் அண்ட் ஸ்பூன் பரிசு, மியூசிக்கல் சேர் பரிசு, கலந்துகொண்டதற்குப் பரிசு. அவுட்லாக்கள் மேடை ஏறும்போது ஏழரை தாண்டிவிட்டது.

முன்வரிசையில் ஸ்டெல்லா. பக்கத்தில் நிறைமாத மகள். ஓரத்தில் பாதுகாப்புக்கு வந்த நம் ஏட்டு.

முதல் பாட்டுக்கு யாரும் அசையவில்லை. இரண்டாம் பாட்டில், “தமிழ்ப் பாட்டு தெரியாதா?” என்று ஒரு குரல். கரீம் பாய்க்கு வியர்த்தது. கோமதி மேடம் முகத்தைப் பார்த்தேன். கடனை மறுக்கப்போகிற முகம்.

மூன்றாவது பாட்டில்தான் பாபு அந்தக் காரியம் செய்தார். அமெரிக்கத் தாளத்தை நடுவில் எங்கேயோ இறக்கிவிட்டு, கானா தாளத்தை ஏற்றிக்கொண்டார். வேன் ஓட்டுகிறவர், ஆளை இறக்கி ஏற்றுவது பழக்கம்தானே. புல்புல்தாரா உடனே கூடச் சேர்ந்துகொண்டது. தேவராஜ் ஒரு கணம் திரும்பி முறைத்தார். பிறகு அவருக்கும் தோள் ஆடத் தொடங்கியது.

கூட்டம் எழுந்தது. பின்வரிசைப் பையன்கள் முன்னால் வந்தார்கள். மியூசிக்கல் சேரில் தோற்ற மாமிகள் கை தட்டினார்கள். மகளின் வயிற்றில் கை வைத்திருந்த ஸ்டெல்லா, “உதைக்குதுடி” என்றார். மகள் தலையாட்டினாள். அறை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது தேவராஜ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாட்டின் நடு வரி. வாக்கியம் கூட முடியவில்லை. நிறுத்தினார். “எட்டு ஆயிடுச்சு. எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.”

கைதட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு கூச்சல். ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர். ஏட்டு மேடை அருகே ஓடிவந்தார்.

“சார், இன்னா சார் நீங்க. பாடுங்க, இன்னும் ஒரே ஒரு பாட்டு.”

“ஆர்டர்ல எட்டுன்னு போட்டிருக்கு சார்.”

“அட, நாந்தான சார் போலீஸு. நானே சொல்றேன்.”

“நீங்க போலீஸுதான் சார். ஆனா கையெழுத்து மேடமோடது.”

“அண்ணாத்தே” என்று கெஞ்சினார் பாபு. “போலீஸே பாடுன்னு சொல்லுது. இதுக்கு மேல இன்னா ஓணும் உனுக்கு?”

தேவராஜ் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. ஒரு பையன் ஊளையிட்டான். கரீம் பாய் புல்புல்தாராவை உறையில் போட்டுக்கொண்டே, “போச்சு சார். பரண்தான்” என்றார். தேவராஜ் மேடை விளிம்பில் உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரே அளவு வட்டங்களாக. ஸ்டெல்லா பக்கத்தில் போய் நின்றார். வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. இந்த மாதிரி அடங்காப்பிடாரிப் பாட்டையெல்லாம் கேட்டு ரசிக்கிறவர்கள் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? நிஜமாகவே செக்போஸ்ட்டை உடைக்கிறவனுக்குப் பாட்டுக் கேட்க ஏது நேரம்? ரேஷன் கடை வரிசையில் ஒழுங்காக நிற்கிறவர்களும், சிவப்பு விளக்குக்கு மஞ்சளிலேயே நிற்கிறவர்களும்தான் கேட்கிறார்கள். நாள் முழுக்க அடங்கியிருப்பவனுக்குத்தானே மூன்று நிமிஷம் அடங்காமல் இருக்க ஒரு பாட்டு தேவைப்படுகிறது?

கோமதி மேடம் வந்தார்.

“மிஸ்டர் தேவராஜ், உள்ளதைச் சொல்லிடறேன். உங்க பாட்டு எனக்குப் பிடிக்கல. ஜலதோஷம் பிடிச்சவர் பாடற மாதிரி இருந்துச்சு.”

தேவராஜ் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

“ஆனா எத்தனை ஆண்டு விழா நடத்தியிருக்கேன். குடுத்த நேரத்துல மைக்கைத் தானா கீழ வச்ச ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். கூட்டம் கேக்குது, போலீஸ் கேக்குது... அப்பவும் வைக்கிறீங்க. உங்களை நம்பி ரூமைத் தராம வேற யார்கிட்ட தர்றது?”

அவுட்லாக்களுக்கு அறை கிடைத்தது. இசைக்காக இல்லை, நன்னடத்தைக்காக.

பாபுவுக்குத்தான் தாங்கவில்லை. “மானமே போச்சு சார். இத்த மட்டும் பேப்பர்ல எழுதிடாதீங்க” என்றார். மன்னிக்க வேண்டும் பாபு.

நேற்று மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னலில் ஃபோம் ஏறிவிட்டது. கதவில் சங்கத்தின் செலவில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள், பெரிய எழுத்தில்:

‘ஆவடி அவுட்லாஸ். காலணிகளை வெளியே விடவும்.’